புகை வராத வீட்டில் ஒப்பாரி

முப்பத்தோரு வருஷம் நான் கணவாய்க்கு மேலே இருக்கும் வானிலை நிலையத்தில் வேலை பார்த்தேன். காற்று இவ்வளவு, பனி இவ்வளவு, குளிர் இவ்வளவு என்று மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுதி அனுப்ப வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூட்டிச் சொல்ல வழியில்லை. கூட்டிச் சொல்லத் துடித்த நாக்கை அத்தனை வருஷமும் பல்லுக்குப் பின்னால் கட்டிப் போட்டிருந்தேன். ஓய்வுபெற்ற அன்று அவிழ்த்து விட்டேன். இன்னும் வீடு திரும்பவில்லை.

ஆனால் கிசில்-புலாக் ஊரின் மேலத் தெருவில் அந்த ஜனவரி மாதம் இருந்த புகையைப் பற்றிச் சொல்ல எதையும் கூட்ட வேண்டிய அவசியமே இல்லை. வாசலில் தொப்பியைக் கழற்றிப் புகையில் மாட்டினேன்; மறுநாள் காலை அது அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. குருவிகள் பறப்பதை விட்டுவிட்டு நடந்தே போய்வந்தன. எங்கள் பசுவின் பால் கருவாட்டு வாசனை அடித்தது. சந்தேகம் இருந்தால் என் மனைவி பர்மெத்தைக் கேளுங்கள்; பசுவைப் பற்றி அவள் பொய் சொல்ல மாட்டாள்.

நாலு பக்கமும் மலை. காற்றில்லாத குளிரில் மேலே ஒரு வெதுவெதுப்பான காற்று கொப்பரைக்கு மூடி போட்டதுபோல் உட்கார்ந்துகொள்ளும். கீழே பத்தொன்பது வீடு, பத்தொன்பது கணப்படுப்பு. எல்லாருமே அடுப்பை வாய்முட்டத் திணித்து, அடியில் கொளுத்தி, காலை வரை நெருப்பு தாங்க வேண்டுமென்று புகைபோக்கித் தகட்டை முக்கால்வாசி சாத்திவிட்டுத் தூங்கப் போவார்கள். கட்டை எரியாது, சாகாது, விடிய விடியப் புகையும். அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. புகை தடிமனாகப் போனால் அந்த வீட்டில் டீ சூடாக இருக்கிறது, கறி வேகிறது, ஆள் நன்றாக இருக்கிறான் என்று அர்த்தம். பத்தொன்பது வீடும் ஒரே வம்சம் வேறு. யார் வீட்டுப் புகை உயரமென்று அண்ணன் தம்பிகளுக்குள் போட்டியே உண்டு.

அந்தப் புகையெல்லாம் வழிந்து இறங்கிக் கடைசியில் போய்த் தேங்குவது துர்தாகுன் வீட்டில். தெருச் சரிவின் அடிக்கோடி வீடு அவனுடையது.

துர்தாகுனும் நானும் ஒரே வருஷம், ஒரே மாதம் பிறந்தவர்கள். எங்கள் பக்கம் ஒரே வயதுக்காரர்கள் ஒருவரை ஒருவர் என்ன சொல்லித் திட்டினாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அறுபத்தெட்டு வருஷமாக அந்த உரிமையை நாங்கள் ஒருநாள்கூட வீணாக்கியதில்லை. தினமும் மதியத்துக்கு மேல் அவன் வீட்டில் ஒன்பது குழி ஆட்டம். குழிக்கு ஒன்பது கூழாங்கல். அந்தக் குளிர்காலத்தில் அவன் இருமினால் பலகையே குதித்தது, கற்கள் குழி மாறின. மாறிய கற்கள் எப்போதும் அவன் பக்கமே போய்ச் சேர்ந்தன என்பது வேறு விஷயம்.

டிசம்பருக்குள் இரண்டு தடவை அவனை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். தலைநகரில் நர்ஸாக இருக்கும் அவன் மகள் அனார்கான் வந்து பார்த்தாள். மூஞ்சி கல்லாகிவிட்டது.

"அப்பா, பிப்ரவரில லீவு போட்டு வர்றேன். அப்பவும் இதே இருமல்னா என்கூட வந்துடணும். இங்க வீட்டைத் தம்பி பாத்துக்குவான்."

"ஒன்பதாவது மாடியில நான் என்னம்மா பண்ணுவேன்? சன்னலைத் திறந்து துப்பக்கூட முடியாது."

"லிஃப்ட் இருக்குப்பா."

"லிஃப்ட்ல துப்பலாமா?"

அவள் சிரிக்கவில்லை. அனார்கான் சிறுபிள்ளையிலிருந்தே சொன்னதைச் செய்கிறவள். இவன் போய்விட்டால் இந்தத் தெருவில் என்னைக் கிழட்டுக் கழுதை என்று கூப்பிட ஒரு ஜீவன் இருக்காது. எல்லாரும் மரியாதையாகப் பேசுவார்கள். அதற்குப் பிறகு மனிதன் எத்தனை நாள் தாங்குவான்?

துர்தாகுனின் கடைசி மகன் எலாமானுக்கு அந்த இலையுதிர் காலத்தில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. மருமகள் பெயர் ஐசிரேக். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நாரின் ஊர்ப் பெண்; அவள் அப்பா அடுப்புக் கட்டும் கொத்தனார். மருமகள்கள் புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் எனக்கு "வானிலை மாமா" என்று பெயர் வைத்திருந்தாள். குரல் தணிவு, தலை குனிவு, ஆனால் அந்தக் குனிந்த தலைக்குள் என்ன ஓடுகிறது என்று என் கருவிகள் எதனாலும் அளக்க முடியாது.

அதுவரை அடுப்பு எலாமான் பொறுப்பு. ஜனவரி நடுவில் ஒருநாள் மதியம் முதல் தடவையாக அவள் அடுப்பு மூட்டுவதைப் பார்த்தோம். பெரிய கட்டைகளை அடியில் படுக்கப் போட்டாள். அதன்மேல் நடுத்தரமாய்ப் பிளந்த விறகு. அதன்மேல் சுள்ளி. எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு கைப்பிடிச் சிராய். தீக்குச்சியை உச்சியில் வைத்தாள்.

துர்தாகுன் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டான். "ஏம்மா, நெருப்பு மேல போற ஜாதி. அதைக் கீழ இறங்கச் சொல்றியா?"

"இறங்கும் மாமா. பொறுமையா இறங்கும்."

"நாரின்ல தண்ணி மலைமேல ஏறுமா?"

"ஏறாது மாமா. ஆனா புகை வர்றப்ப மேல நெருப்பு காத்துட்டிருக்கும். புகை அதைத் தாண்டித்தானே போகணும்? அங்கயே எரிஞ்சிடும்."

தகட்டை முழுசாகத் திறந்து வைத்தாள். நெருப்பு படிப்படியாக, விருந்தாளி மாடிப்படி இறங்குவதுபோல் இறங்கியது. நான் வெளியே போய்க் கூரையைப் பார்த்தேன். புகைபோக்கிக்கு மேல் வெக்கை மட்டும் நெளிந்தது. கட்டை எரிந்து முடிந்து தணல் அடங்கியதும் தகட்டைச் சாத்தினாள். சுவர்ச் செங்கல் மறுநாள் காலை வரை சூடு பிடித்து வைத்திருந்தது. நாரின் ஊர்ப் பெண்கள் இப்படித்தான் மூட்டுவார்களாம்.

அந்த மறுநாள் காலையில்தான் நடக்கக் கூடாதது நடந்தது.

எங்கள் தெருவின் உச்சி வீடு காலிபா அண்ணியுடையது. என் பெரியப்பா மகனின் பெண்டாட்டி. எழுபது தாண்டிய கைம்பெண். சன்னலோரம் உட்கார்ந்து பத்தொன்பது புகையையும் எண்ணி முடித்த பிறகுதான் டீயில் வாய் வைப்பாள். அன்றைக்கு எண்ணினாள், பதினெட்டுதான் வந்தது. மறுபடி எண்ணினாள். அடிக்கோடி வீட்டுக் கூரையில் ஒரு இழை இல்லை. அந்த வீட்டில் யார் நோயாளி என்று தெருவுக்கே தெரியும்.

"போயிட்டான்," என்றாள் பக்கத்து வீட்டு மருமகளிடம். அந்த வார்த்தை சரிவில் இறங்கி என் வீட்டை அடைவதற்குள் அவனைக் குளிப்பாட்டியாகிவிட்டது.

சாவு வீட்டுக்கு எங்கள் ஆண்கள் சும்மா நடந்து போக மாட்டார்கள். கம்பில் சாய்ந்துகொண்டு, நூறு தப்படிக்கு முன்பிருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு போக வேண்டும். முதலில் போனவன் நான். வானிலை படித்தவன், கூரைமேல் வெக்கை நெளிகிறதா என்று நிமிர்ந்து பார்த்திருக்கலாம். அதுவும் முந்தின நாள்தான் அங்கேயே நின்று அதைப் பார்த்தவன். நிமிரவில்லை. கண்ணில் ஒன்றும் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

"ஐயோ என் மலையே, சாஞ்சிட்டியே. என் குதிரைக்கு ஜோடியே. பலகையில ஒரு கல்லைக்கூட திருடாத கையே. பொய்யே அறியாத வாயே. இனி நான் யாரோட ஆடுவேன்..."

எனக்குப் பின்னால் பதினேழு ஆண்கள் அதே மாதிரி. கறி வெட்டும் ஷெய்ஷென் சாவுச் சாப்பாட்டுக்கு ஒரு குதிரையைக் கயிற்றோடு பிடித்தே வந்துவிட்டான். அந்தக் குதிரை இன்றும் உயிரோடு இருக்கிறது. துர்தாகுனைப் பார்த்தால் தலை வணங்குகிறது.

முற்றத்தில் போய் நின்று அழுதோம். கூட அழ உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. என் கையிருப்பில் இருந்த புகழ்ச்சியெல்லாம் தீர்ந்துபோய் நான் மூச்சு வாங்கியபோது கதவு மெல்லத் திறந்தது. துர்தாகுன் கையில் டீக் கோப்பையோடு நின்றான்.

"ஏண்டா நிறுத்திட்ட? நல்லாத்தானே போயிட்டிருந்துச்சு."

"நாயே, உயிரோடவா இருக்க?"

"நாலு கோப்பை டீ குடிச்சிட்டே கேட்டேன். ஒரு கல்லைக்கூட திருடாத கையின்னு சொன்ன பாரு, அதை எல்லாரும் கேட்டீங்கல்ல? சாட்சி இருக்கு." பிறகு அவன் சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு இருமலாகி, இருமல் அவனை மடக்கி வாசற்படியில் உட்கார வைத்துவிட்டது. ஐசிரேக் ஓடிவந்து முதுகைத் தடவினாள். சிரித்துக்கொண்டிருந்த பதினேழு பேரும் தலை குனிந்து கையிலிருந்த தொப்பியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

காலிபா அண்ணி மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். "புகையில்லாத வீட்டைப் பாத்தா பொணம் கிடக்குதுன்னு நினைக்காம வேற என்னத்த நினைக்கிறது? என்ன பொண்ணு இவ, மாமனாரைக் குளிர்ல போட்டு வெச்சிருக்கா."

"அத்தை, சுவத்துல கை வெச்சுப் பாருங்க," என்றாள் ஐசிரேக்.

அண்ணி வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்தாள். "ம்," என்றாள். அவள் வாயிலிருந்து அதற்குமேல் எதுவும் கிடைக்காது.

எல்லாரும் போன பிறகு ஐசிரேக் எனக்கு டீ ஊற்றினாள். "வானிலை மாமா, நம்ம வீட்டுப் புகை நின்னுடுச்சு. ஆனா மிச்சம் பதினெட்டு வீட்டுப் புகையும் இங்கதானே வந்து நிக்குது? அக்கா பிப்ரவரில வந்துடுவாங்க."

மூன்று வாரம்கூட இல்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து எல்லாரும் பூட்ஸ் மாட்டும்போது நான் எழுந்து பேசினேன். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழியும், மேலே மூடி போட்டிருக்கிறது என்று முப்பத்தோரு வருஷத்து உண்மையை அப்படியே எடுத்துச் சொன்னேன். ஷெய்ஷென் கொட்டாவி விட்டான். ஒருத்தர் நாளைக்குப் பனி விழுமா என்று கேட்டார். உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. இனி எனக்கு எது நன்றாக வருமோ அதைச் செய்ய வேண்டியதுதான்.

புது மருமகளைச் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு நெருப்புக்கு அழைக்க வேண்டும். அப்படி முறைப்படி அழைக்கும் வரை அவள் அந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. வந்ததும் பெரியவர்களுக்கு மூன்று தடவை குனிந்து வணங்குவாள், அடுப்பில் ஒரு கரண்டி உருக்கிய ஆட்டு வால்கொழுப்பு ஊற்றுவாள், வாழ்த்துவார்கள், கறி போடுவார்கள். ஐசிரேக்கை இன்னும் யாரும் அழைத்திருக்கவில்லை. குளிர்காலக் கறி வெட்டு முடியட்டும் என்றிருந்தார்கள். முதல் அழைப்பு ஷெய்ஷென் வீட்டில். அவள் கரண்டியை எடுக்கப் போனபோது நான் தொண்டையைக் கனைத்தேன்.

"கொழுப்பு மட்டும் ஊத்தினா போதுமா? நம்ம வம்சத்து முறைப்படி மருமகதானே அடுப்பை அடுக்கி, உச்சியில நெருப்பு வைக்கணும்?"

"யார் சொன்னது?" என்றான் ஷெய்ஷென்.

எங்களில் ஒவ்வொருவனுக்கும் ஏழு தலைமுறைப் பாட்டன்மார் பெயர் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அந்த ஏழு பேருக்குள் பொய் சொல்லவே முடியாது. அதனால் எட்டாவது ஆளைப் பிடித்தேன்.

"எட்டாம் பாட்டன் செகிர்பாய். அவர் மருமக மேலிருந்து நெருப்பு வெச்சா. வானத்து நெருப்பு மேலிருந்துதானே வருது? நாப்பது நாளைக்கு வீட்டுக்காரி அந்த முறையை மாத்தக் கூடாது."

"மாத்தினா?" என்றாள் ஷெய்ஷென் பெண்டாட்டி.

"மாத்தின வீட்ல மருமகளுக்கு நாக்கு நீளும்."

அங்கே மாமியார்கள் மட்டும் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு பேரும் ஒரே சமயத்தில் அடுப்பைப் பார்த்தார்கள். ஐசிரேக் உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னும் தாழக் குனிந்தாள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கட்டை அடுக்க உட்கார்ந்தாள். துர்தாகுன் என் விலாவில் முழங்கையால் இடித்தான். "செகிர்பாய்னு உங்கப்பாவோட ஆட்டுக் கிடா ஒண்ணு இருந்துச்சே."

"வாயை மூடுடா."

அதற்குப் பிறகு நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்று அழைப்பு வந்தது. ஐசிரேக் போகுமிடமெல்லாம் கட்டையைத் தானே பொறுக்கினாள், தகட்டை எப்போது சாத்தலாம் என்று அத்தைகளிடம் கேட்பதுபோலச் சொல்லிக் கொடுத்தாள். போட்டி அப்படியே தலைகீழாகத் திரும்பிற்று. முன்பு யார் புகை உயரம் என்று பார்த்தவர்கள் இப்போது பக்கத்து வீட்டில் ஒரு இழை தெரிந்தால், "என்ன, நாக்கு நீளுதா?" என்று வேலிக்கு மேல் விசாரித்தார்கள். பத்தாவது நாள் குருவிகள் பறக்க ஆரம்பித்தன. என் தொப்பி தரையில் விழுந்தது.

மிச்சம் ஒரே ஒரு வீடு. காலிபா அண்ணியுடையது. சரிவின் உச்சியில் இருந்த அந்த ஒற்றைப் புகைபோக்கி பதினெட்டு வீட்டுத் தலைமேலும் வழிந்து, துர்தாகுன் சன்னலில் போய்ப் படுத்தது. அவன் இருமல் பாதியானது. பாதி போதாது, அனார்கான் பாதியெல்லாம் எண்ண மாட்டாள். அண்ணியோ முதலில் பல்வலி என்றாள், பிறகு முழங்கால் என்றாள். அனார்கான் வர ஐந்து நாள் இருக்கும்போதுதான் ஐசிரேக்கை அழைத்தாள்.

போனோம். ஐசிரேக் வணங்கினாள், ஊற்றினாள், அடுக்கினாள், உச்சியில் வைத்தாள். சிராய் எரிந்தது. சுள்ளி எரிந்தது. அத்தோடு நெருப்பு யோசிக்க ஆரம்பித்துவிட்டது. பிறகு அடுப்பின் எல்லாப் பொந்திலிருந்தும் புகை அறைக்குள் வந்தது. எதிரே உட்கார்ந்திருந்த துர்தாகுன் மறைந்தே போனான். இருமலை வைத்துத்தான் அவன் இருக்குமிடம் தெரிந்தது. எலாமான் அவனை வெளியே தூக்கிப்போனான்.

"உன் எட்டாம் பாட்டன் ஈரத்துல செத்தவரா, கொழுந்தனாரே?" என்றது புகைக்குள்ளிருந்து அண்ணியின் குரல்.

ஐசிரேக் முகம் வெளுத்திருந்தது. கூடையிலிருந்து இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டினாள். மாவு மூட்டையில் குத்தியதுபோல் சத்தம் வந்தது. "அத்தை, இது பச்சை. இலையுதிர் காலத்துல வெட்டின பாப்ளர் மரம். காய்ஞ்சிருந்தா கிணீர்னு கேக்கும். இதை மேல வெச்சாலும் கீழ வெச்சாலும் ஒண்ணுதான்."

"என்கிட்ட இதுதான் இருக்கு. பிளந்து காயவைக்க எனக்கு எந்த ஆம்பளை இருக்கான்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஏனென்றால் காய்ந்த விறகு என்றால் மேலத் தெருவில் என் விறகுதான். தெற்குச் சுவரோரம் இரண்டு கோடை வெயில் குடித்த ஆப்ரிகாட் கட்டை. தட்டினால் மணி மாதிரி கேட்கும். ஒவ்வொன்றின் முகமும் எனக்குத் தெரியும். வயதான காலத்துக்கென்று வைத்திருந்தேன்; வயதான காலம் இன்னும் வரவில்லை என்று தினமும் பர்மெத்திடம் சொல்லி, அவளைப் பாப்ளர் எரிக்க வைத்தவன் நான்.

மூன்று சறுக்குவண்டி நிறைய இழுத்துப் போய் அண்ணி வீட்டில் இறக்கினேன். அவளுடைய பச்சைக் கட்டையைப் பதிலுக்கு ஏற்றிக்கொண்டேன். என் சுவரில் சாய்த்து வைத்தால் அடுத்த வருஷம் காயும். மூன்றாவது வண்டியில் மூச்சு வாங்கி நின்றபோது அண்ணி கதவில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொழுந்தனாரே, அம்பத்தோரு வருஷத்துக்கு முன்னால என்னை இந்தத் தெருவுல பத்தொன்பது வீட்டு நெருப்புக்கும் கூட்டிட்டுப் போனாங்க. கொழுப்புதான் ஊத்தினேன். யாரும் என்னை அடுப்பு மூட்டச் சொல்லல."

நான் ஒரு கட்டையை மிகவும் கவனமாக அடுக்கினேன்.

"முதல் நாளே பொய்யின்னு தெரியுமா அண்ணி?"

"நீ வாயைத் திறந்தப்பவே தெரியும். இந்தப் பொய்க்கு நீ எத்தனை வண்டி விறகு இழுப்பேன்னு பாக்கலாம்னு இருந்தேன். மூணு கம்மிதான். போனாப் போகுது." உள்ளே திரும்பியவள் நின்றாள். "அவன் போயிட்டா நீ என் வீட்டு வாசல்ல வந்து உக்காந்துடுவ. அதை யாரு தாங்குறது?"

மறுநாள் காலை தெருவில் ஒரு புகைகூட இல்லை. அண்ணிக்கு அதிலும் குறை. "இப்ப எவன் உயிரோட இருக்கான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டு, அவளே ஒரு சட்டமும் போட்டாள். முதல் டீக்கு முன்னால் ஒவ்வொரு வீடும் சாம்பல் வாளியைக் கழுவி வாசல் கம்பத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். பத்தொன்பது வாளி எண்ணினால்தான் அவளுக்கு டீ இறங்கும்.

இந்தச் சட்டம் அனார்கானுக்குத் தெரியாது. பிப்ரவரி மூன்றாம் தேதி வேன் கணவாய் வளைவில் திரும்பியபோது அவள் கீழே பார்த்திருக்கிறாள். ஊரின் மற்ற தெருக்கள் வழக்கம்போல் புகைந்துகொண்டிருந்தன. மேலத் தெரு மட்டும் துடைத்து வைத்த தட்டு மாதிரி கிடந்தது. நர்ஸாக இருந்தாலும் அவளும் கிசில்-புலாக்கில் பிறந்தவள்தானே. வேனை விட்டு இறங்கி, பையைப் பனியில் எறிந்துவிட்டு, "என் அப்பாவே" என்று கதறிக்கொண்டு முற்றத்துக்குள் ஓடினாள்.

"என்னம்மா?" என்று மேலேயிருந்து குரல் வந்தது.

துர்தாகுன் கூரைமேல் நின்று பனி தள்ளிக்கொண்டிருந்தான். மூன்று குளிர்காலமாக அவன் ஏணியைத் தொட்டதில்லை.

அவள் அழுகையைத் துடைத்த கையோடு அவனைத் திட்டினாள், ஐசிரேக்கைத் திட்டினாள், கீழேயிருந்து ஏணியைப் பிடித்திருந்த என்னையும் திட்டினாள். "ஒரு நாள் நல்லா இருக்கிறதை வெச்சு நான் முடிவு பண்ண மாட்டேன். ஒரு வாரம் இருப்பேன். கேப்பேன்."

கேட்டாள். முதுகில் குழாயை வைத்துக் கேட்டாள், சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக் கேட்டாள், நாங்கள் ஆடும்போது அருகில் உட்கார்ந்து கேட்டாள். ஆறாவது நாள் எலாமான் வந்து காதில் போட்டான்: வேன்காரரிடம் அக்கா இரண்டு இருக்கை சொல்லி வைத்திருக்கிறாள்.

ஏழாவது நாள் காலை நான் வாளியை வெளியே வைக்கவில்லை.

"எழுந்திருங்க, அண்ணி எண்ணிட்டிருப்பாங்க," என்றாள் பர்மெத்.

"இருக்கட்டும். அவன் போறதுக்கு முன்னால என்னைப் பத்தி என்ன சொல்றான்னு கேட்டுடறேன். என் புகழ்ச்சியை அவன் நாலு கோப்பை டீயோட கேட்டான். எனக்கு ஒரு கோப்பையாவது வேண்டாமா?"

"உங்களைப் பெத்தவங்க என்ன பாவம் பண்ணாங்களோ," என்று சொல்லிவிட்டு அவள் பால் கறக்கப் போனாள். ஆனால் போகிற வழியில் அவளும் வாளியை எடுத்துக் கம்பத்தில் வைக்கவில்லை. கவனித்தேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவின் அடியிலிருந்து ஒப்பாரி புறப்பட்டது. துர்தாகுன் குரல். நான் போர்வையை முகவாய் வரை இழுத்துக்கொண்டேன்.

"ஐயோ, போயிட்டியாடா. கிழட்டுக் கழுதையே, போயிட்டியா. பொய்யில பொறந்து பொய்யில வளந்தவனே. ஆட்டுக் கிடாவைப் பாட்டனாக்கினவனே. ஆட்டத்துல தோத்தா பலகை சாய்வா இருக்குன்னு சொன்னவனே. வெயில் அடிக்கும்னு சொல்லி என் கல்யாணத்தன்னைக்குப் பனி பெய்ய வெச்சவனே. பெண்டாட்டியைப் பச்சைக் கட்டையில வேக வெச்சவனே..."

சரிவில் ஏறிக்கொண்டே, ஒரு மூச்சில் ஒரு வரி. குரல் உடையவில்லை. நான் வசவுகளைக் கேட்பதை நிறுத்திவிட்டேன். இடையில் வர வேண்டிய ஒன்றுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். பழைய பழக்கம், கை தானாகக் கடிகாரத்தை எடுத்தது. அவன் வாசலிலிருந்து என் வாசல் வரை, நூற்று நாற்பது தப்படி ஏற்றம், நாலு நிமிஷம் பத்து வினாடி. ஒரு இருமல்கூட இல்லை. இதில் நான் ஒரு மில்லிமீட்டரும் கூட்டவில்லை.

வாசலில் வந்து அவன் ஒப்பாரியை நிறுத்திவிட்டுச் சாதாரணக் குரலில் சொன்னான்: "எந்திரிடா. உன் கூரைமேல வெக்கை ஆடுது. செத்தவன் வீட்ல எவ இவ்வளவு நல்லா அடுப்பு மூட்டுவா?"

சன்னல் திரையை விலக்கிப் பார்த்தேன். அவனுக்கு நாலடி பின்னால் அனார்கான் கோட்டும் பையுமாக நின்றிருந்தாள். அப்பாவோடு ஏறி வந்திருக்கிறாள். அவளுக்குத்தான் மூச்சு வாங்கியது. நான் கடிகாரம் பிடித்ததுபோல அவளும் எதையோ எண்ணிக்கொண்டு வந்திருக்க வேண்டும். பையைப் பனியில் வைத்தாள். ஃபோனை எடுத்து வேன்காரரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு சீட் போதும்," என்றாள். "ஆமா, ஒண்ணுதான். அப்பா வரல."

தெரு உச்சியிலிருந்து காலிபா அண்ணி கத்தினாள்: "கொழுந்தனாரே, வாளியை வைக்கப் போறியா இல்ல நான் குதிரையைப் பிடிக்கச் சொல்லட்டுமா? என் டீ ஆறுது."

போய் வாளியைக் கவிழ்த்தேன். துர்தாகுன் ஏற்கெனவே உள்ளே வந்து பலகையை விரித்திருந்தான். நான் கைகழுவித் திரும்புவதற்குள் என் பக்கத்து மூன்றாவது குழியில் ஒரு கல் குறைந்திருந்தது. இருமலே இல்லாமல்.